கூடுதலாக ஒரு ஜாதகம்

அது பென்குவின்தானே தம்பி? உங்க கம்ப்யூட்டர் மூடியில ஒட்டியிருக்கே, வெள்ளை வயித்தோட. சும்மா கேட்டேன். லினக்ஸுக்கு அதுதானே அடையாளம். லினக்ஸ் ஆளா நீங்க? அடடே. நான் ஒண்ணும் பெருசாப் படிச்சவன் இல்லைங்க. ஆனா அதுல பதினெட்டு வருஷத்துக்கு மேல வேலை பாத்திருக்கேன். நம்ப மாட்டீங்க. உங்க வயசுப் பிள்ளைக யாருமே நம்புறதில்ல. வேட்டி கட்டுன ஆளு வாயில லினக்ஸுன்னு வருதேன்னு ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. பாத்துட்டுப் போகட்டும்.

என் பேரு குழந்தைவேலு. திண்டுக்கல்தான் ஊரு. மெட்ராஸ்ல தம்பி மகன் இருக்கான், அவன் வீட்டுக்குப் போறேன். வடை வருது, சாப்பிடுறீங்களா? வேணாமா? இந்த ரயில்ல வடை பரவால்லாம இருக்கும். சரி, உங்க இஷ்டம்.

எங்க சங்கத்துல திருமணத் தகவல் மையம்னு ஒண்ணு இருக்குங்க. எங்க ஆளுக வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருந்தா, பையன் இருந்தா, ஜாதகம் எங்ககிட்ட வந்துரும். அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவோம். பொண்ணு ஜாதகத்தைத் தட்டுனா பத்துப் பொருத்தமும் பாத்து, செவ்வாய் பாத்து, ஒத்து வர்ற மாப்பிள்ளை ஜாதகம் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். இப்ப இது என்ன பெரிய விஷயம்பீங்க, கையில போன் இருக்கு. நாங்க தொண்ணூத்தி மூணுலயே செஞ்சோம். சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் லெட்டர் வரும். அந்த மையத்துக்கு நான்தான் பொறுப்பாளர்.

ஆமாங்க, எனக்குக் கல்யாணம் ஆகல. அடுத்து அதைத்தானே கேக்கப் போறீங்க? எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு தங்கச்சிகளக் கட்டிக் குடுத்தேன், அப்பா தவறிட்டாரு, எனக்குச் செவ்வாய் தோஷம் வேற. அப்படியே வயசு போயிருச்சு. நம்ம மையத்துலயே என் ஜாதகத்தையும் ஏத்தலாமேன்னா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பொறுப்புல இருக்கறவன் தன் ஜாதகத்தைத் தானே ஏத்திக்கக் கூடாது. நாளைக்கு ஒரு நல்ல பொண்ணு ஜாதகம் வந்தா, இவன் அமுக்கிட்டான்னு பேசுவாங்களா மாட்டாங்களா? அது நானாப் போட்ட விதி. தலைவரு கூடச் சிரிச்சாரு, "ஏய்யா, உன்னைய எவன்யா கேட்டான் இப்படி ஒரு விதி?"ன்னு. தலைவர்னா எங்க சங்கத் தலைவரு, பஸ் கம்பெனி வச்சிருந்தாரு. நல்ல மனுசன். ஆனா விதி விதிதானே.

தொண்ணூத்தொம்பது சித்திரையில மெஷின் படுத்துருச்சு.

யூனிக்ஸ் மெஷினுங்க அது. செஞ்ச கம்பெனியே மூடிட்டான். சாமானுக்கு எங்க போறது? ஜாதகம் எல்லாம் டேப்புல பத்திரமா இருந்துச்சு, பதினோராயிரத்து இருநூத்தி நாப்பத்தி ரெண்டு. தெனமும் டேப் எடுத்து வைக்காம நான் வீட்டுக்குக் கெளம்புனதே கிடையாது. புதுசா அதே மாதிரி மெஷின் வாங்கறதுன்னா சங்கத்துக்குத் தாங்காது. சாதாரண கம்ப்யூட்டர்ல லினக்ஸைப் போட்டா யூனிக்ஸ் மாதிரியே ஓடும், காசும் இல்லைன்னாங்க. சரி, நல்லதாப் போச்சுன்னு பாத்தா, அங்கதான் சிக்கல்.

தலைவருக்கு நான் எப்படி வெளக்குனேன் தெரியுங்களா? "தலைவரே, லினக்ஸுங்கறது ஒரு வீடு. டேட்டாபேஸுங்கறது வீட்டுக்குள்ள வைக்கிற பீரோ. ஜாதகம் எல்லாம் பீரோவுலதான் இருக்கணும். வீடு நமக்கு ஓசியில கெடைச்சிருச்சு. ஆனா நம்ம பீரோ கம்பெனிக்காரன் இந்த வீட்டு வாசலுக்குத் தக்கன இன்னும் பீரோ செய்யல"ன்னேன். தலைவருக்குப் பளிச்சுன்னு புரிஞ்சிருச்சு. "அப்ப வேற பீரோ வாங்குய்யா"ன்னாரு.

வேற பீரோ இருந்துச்சுதான். ஓசி பீரோ. அப்பவே ரெண்டு மூணு இருந்துச்சு, உங்களுக்குத் தெரியாததா. எனக்கு அதுல மனசு ஒப்பலைங்க. பதினோராயிரம் குடும்பத்து ஜாதகம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் சட்டையைப் புடிக்கிறது? கம்பெனின்னா ஒரு பேரு இருக்கு, ஒரு அட்ரஸ் இருக்கு, ஒரு கையெழுத்து இருக்கு. ஓசியில வந்ததுக்கு யாரு பொறுப்பு? நான் சொல்றது தப்பா? நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க.

கோயமுத்தூர்ல இருந்து டீலர் வந்தாரு. டை கட்டுன ஆளு. "லினக்ஸுக்கு எங்க டேட்டாபேஸ் வரப்போகுது சார். அறிவிச்சாச்சு. அடுத்த குவார்ட்டர்"னாரு. அடுத்த குவார்ட்டர்னா ஆடி. ஆடி வந்துச்சு. கேட்டா, "வந்துருச்சு சார், ஆனா இந்தியாவுக்கு இன்னும் வரல"ன்னாரு. புரட்டாசியில கேட்டா, "இந்தியாவுக்கு வந்துருச்சு சார், தென்னிந்தியாவுக்கு வரல." நான் அவரு மேல கோவப்படல. பெரிய கம்பெனின்னா அப்படித்தான் இருக்கும். காத்திருக்கணும்.

காத்திருந்தேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல பொருத்தம் பாக்குறது நின்னு போச்சு. பொண்ணப் பெத்தவுக வந்து நிப்பாங்க. "கம்ப்யூட்டர் எப்ப வருங்க?" "வருது, வருது." இதேதான் தெனமும்.

தமயந்தின்னு ஒரு பொண்ணு எங்க மையத்துல வேலை பாத்துச்சு. ஜாதகத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. நாலு வருஷமா இருந்துச்சு. அதுவும் எங்க ஆளுகதான். அவங்கப்பா ரிட்டயர்டு வாத்தியாரு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அந்தப் பொண்ணுக்கும் வயசு முப்பத்தி ரெண்டு ஆச்சு. அதோட ஜாதகமும் எங்ககிட்டயே பதிஞ்சிருந்துச்சு, அது வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அவங்கப்பா பதிஞ்சது. மூல நட்சத்திரம். போதாததுக்குச் செவ்வாய். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்னு ஊர்ல ஒரு சொல்லு இருக்கே, அது ஒண்ணு போதாதா? வர்றவன் எல்லாம் மூலம்னு கேட்ட ஒடனே காபியக் கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவான்.

கெட்டிக்காரப் பொண்ணு. அதை நான் இல்லைங்கல. ஆடி மாசம் ஒருநாள், "சார், ஒரு நிமிசம் வாங்க"ன்னு கூப்பிட்டுச்சு. மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடந்துச்சு, அதுல லினக்ஸைப் போட்டு வச்சிருக்கு. கம்ப்யூட்டர் பத்திரிகை கூட ஓசி சிடி ஒண்ணு குடுப்பான்ல, அதுல இருந்து ஓசி டேட்டாபேஸையும் போட்டு, பொருத்தம் பாக்குற புரோகிராமையும் தானாவே எழுதிருக்கு! மதியம் சாப்பாட்டு நேரத்துல ஒக்காந்து ஒக்காந்து செஞ்சிருக்கு. ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தப் போட்டுத் தட்டிக் காட்டுச்சு. சும்மா சொல்லக்கூடாது, டக்குன்னு வந்துச்சு.

"முப்பது தாண்டுன பொண்ணுக ஜாதகத்த மட்டும் மொதல்ல ஏத்திருக்கேன் சார். அறுநூத்திப் பத்து பேரு இருக்காங்க. மாப்பிள்ளை ஜாதகமும் அடுத்த மாசத்துக்குள்ள ஏத்திருவேன்"னு சொல்லுச்சு.

"ஏம்மா, இதுக்கு யாரு பொறுப்பு?"ன்னு கேட்டேன்.

"நான் பொறுப்பு சார்."

"நீ பொறுப்புன்னா? நாளைக்கு நீ வேலைய விட்டுட்டுப் போயிட்டா?"

அது என்னையே பாத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, "சார், சும்மா ஒரு வருஷம் போகுது. ஆம்பளைக்கு ஒரு வருஷம்னா ஒரு வருஷம். முப்பது தாண்டுன பொண்ணுக்கு அது ஒரு வருஷம் இல்ல சார்"னு.

நான் ஒண்ணும் திட்டலைங்க. "பாக்கலாம், கம்பெனிது வரட்டும்"னு சொன்னேன். அவ்வளவுதான்.

ஆவணியில அவங்க வீட்டுல ஒரு பேச்சு வந்துச்சு. ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி வச்சிருக்கற ஒருத்தரு. நாப்பத்தேழு வயசு, ரெண்டாந்தாரம், ரெண்டு பசங்க. மூலம், செவ்வாய் எல்லாம் பாக்க மாட்டேன்னுட்டாரு. மொத சம்சாரம் எப்படிச் செத்துச்சுன்னு ஊருக்குள்ள ரெண்டு பேச்சு இருந்துச்சு. கெணத்துல தவறி விழுந்துச்சுன்னு ஒரு பேச்சு. தவறி விழலைன்னு ஒரு பேச்சு. அவங்கப்பா என்ன பண்ணுவாரு பாவம், வாயும் கோணிருச்சு, கண்ணுல தண்ணி வழிய, "கார்த்திகைக்குள்ள சங்கத்துல வேற ஒண்ணும் அமையலைன்னா சரின்னு சொல்லிருவோம்மா"ன்னு சொல்லிட்டாராம். மார்கழியில யாரும் பேச மாட்டாங்க. தையில கல்யாணம்.

இதையெல்லாம் தமயந்தியே எங்கிட்டச் சொல்லுச்சு. "எனக்குப் பயமா இருக்கு சார்"னுச்சு. அப்படியே சொல்லுச்சு, மறைக்காம. "சாஃப்ட்வேர் எப்ப சார் வரும்?"

"கார்த்திகைக்குள்ள வந்துரும்மா. டீலர் சொல்லிருக்காரு"ன்னேன்.

அதுக்கப்புறம் தெனமும் வந்த ஒடனே கேக்கும், "வந்துருச்சா சார்?" நானும் தெனமும் டீலருக்குப் போன் போடுவேன். என் பங்குக்கு நான் செய்ய வேண்டியதச் செஞ்சேன் தம்பி. அதுல ஒரு கொறையும் வைக்கல.

ஐப்பசியில டீலர்கிட்ட இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. அவங்க டேட்டாபேஸ் லினக்ஸுல எல்லா வகையிலயும் ஓடாதாம். அவங்க சொல்ற ஒரே ஒரு வகை, அதுலயும் ஒரே ஒரு வெர்ஷன் நம்பரு, அதுலதான் ஓடுமாம். வேற எதுலயாவது போட்டா கம்பெனி பொறுப்பில்லைன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. எழுத்துல குடுக்கறான் பாருங்க. மையத்துல நல்ல நெலைமையில இருந்தது அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுதான். அதைத் தொடச்சிட்டு, அவங்க சொன்ன லினக்ஸைப் போட்டு ரெடியா வச்சேன்.

ஆமா, அந்த அறுநூத்திப் பத்தும் போச்சு. அதான் டேப்புல இருக்கே. தமயந்தி மறுநாள் வந்து பாத்துச்சு. தண்ணி குடிக்கப் போயி ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. சொல்லிட்டுத் தொடச்சிருக்கலாம், அது சரிதான். எனக்குத் தோணல.

கார்த்திகை பொறந்து பன்னெண்டாம் நாளு சிடி வந்துச்சு. என்ன அழகான பெட்டிங்கறீங்க! லைசன்சு தனிப் பேப்பர்ல, சீல் வச்சு. சங்கத்துல எல்லாருக்கும் காட்டுனேன். போட ஒக்காந்தா, போடவே விடல. பாதியில நின்னுரும். டீலருக்குப் போன், டீலரு மெட்ராஸுக்குப் போன், மெட்ராஸு பம்பாய்க்குப் போன். ஒம்போது நாளு. தமயந்திதான் கடைசியில எங்க தப்புன்னு கண்டுபுடிச்சுது. சும்மா சொல்லக்கூடாது, அது இல்லைன்னா ஓடிருக்காது. டேப்புல இருந்து ஜாதகத்தையெல்லாம் எறக்குனோம். எறக்குற வேலைய அதுகிட்டதான் விட்டுருந்தேன்.

மறுநாள் காலையில எண்ணிப் பாக்குறேன். டேப்புல இருந்தது பதினோராயிரத்து இருநூத்தி நாப்பத்தி ரெண்டு. எறங்குனது பதினோராயிரத்து இருநூத்தி நாப்பத்தி மூணு.

ஒண்ணு கூடுது.

கொறைஞ்சா தேடலாம். கூடுனா எப்படித் தேடுறது? அன்னைக்குத்தான் தலைவரும் கமிட்டி ஆளுகளும் பாக்க வர்றாங்க. கார்த்திகை இருபத்தி ரெண்டு, புதன்கெழமை. எனக்கு இன்னமும் நெனவிருக்கு. "ஏம்மா, ஒண்ணு கூடுதே?"ன்னு கேட்டேன். "தெரியல சார்"னு குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு. அன்னைக்கு நல்ல சேலை கட்டிருந்துச்சு, மாம்பழக் கலர்ல. விருந்தாளிக வர்றாங்கன்னு கட்டுச்சு போலன்னு நெனச்சேன்.

தலைவரு வந்தாரு, கமிட்டி ஆளுக நாலு பேரு வந்தாங்க. குடிக்கக் கலர் குடுத்தோம். "எங்கய்யா, உன் பீரோவத் தொறந்து காட்டு. யாருதாவது ஒரு ஜாதகத்தப் போடு பாப்போம்"னாரு.

யாருதப் போடலாம்னு நான் யோசிக்கறதுக்குள்ள தமயந்தி சொல்லுச்சு, "என்னுதைப் போடுங்க சார்."

மெதுவாத்தான் சொல்லுச்சு. ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. சரின்னு போட்டேன். மூலம், தனுசு, செவ்வாய் உண்டு, வயசு இத்தனை. தட்டுனேன். ரெண்டு செகண்டு. பதினோராயிரத்துலயும் தேடி ஒரே ஒரு வரி வந்து நின்னுச்சு. ஒரே ஒரு மாப்பிள்ளை. அப்ப எல்லாம் தமிழ் எழுத்து வராது, இங்கிலீஷ் எழுத்துலதான். கே-யில ஆரம்பிச்ச பேரு. சதயம், கும்பம். செவ்வாய் உண்டு. வயசு முப்பத்தொம்பது. பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

தலைவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. படிச்சிட்டு ஒரு சிரிப்பு. "அடப்பாவி! குழந்தைவேலு! நம்ம குழந்தைவேலுய்யா! மாப்பிள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடிருக்கோம் பாரு!"ன்னு என் முதுகுல ஓங்கி ஒரு தட்டு. கமிட்டி ஆளுகளும் சிரிக்கிறாங்க. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. அந்தப் பொண்ணு மட்டும் பாக்கல. அது மேசை விளிம்பப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு.

எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுங்களா தம்பி? உண்மையச் சொல்றேன். அப்பாடான்னு இருந்துச்சு. கூடுன ஒண்ணு இதுதான்! காலையில இருந்து தேடுறேன், தானா வந்து மாட்டிக்கிச்சு.

"இல்லைங்க தலைவரே, இது தப்பான பதிவு. டேப்புல இல்லாதது. டெஸ்ட்டுக்குன்னு யாரோ ஏத்திட்டு எடுக்க மறந்துருக்காங்க. ஒரு நிமிசம்"னு சொல்லி அங்கனயே அழிச்சேன். எண்ணிக் காட்டுனேன், பதினோராயிரத்து இருநூத்தி நாப்பத்தி ரெண்டு. சரியா இருக்கு. திரும்பவும் அந்தப் பொண்ணு ஜாதகத்தப் போட்டுத் தட்டுனேன். "பொருத்தம் எதுவும் இல்லை. சைபர்"னு வந்துச்சு. "பாருங்க தலைவரே, தப்பான பதிவ எடுத்த ஒடனே சரியான பதிலச் சொல்லிருச்சு. இதுதான் கம்பெனி சாஃப்ட்வேருங்கறது"ன்னேன்.

தலைவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. நான் முறைப்படி அதைப் பிரிண்டும் எடுத்தேன், புது டேட்டாபேஸ்ல மொதப் பிரிண்டு. தமயந்தி வந்து அந்தப் பேப்பரக் கிழிச்சு எடுத்துச்சு. ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, அந்தத் துண்டையெல்லாம் ஒழுங்காக் கிழிச்சு, நாலா மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு, "சரிங்கண்ணே"ன்னுச்சு.

அண்ணேன்னு! நாலு வருஷமாச் சாரு சாருன்னே கூப்பிட்டுக்கிட்டு இருந்த பொண்ணு. மத்த பொண்ணுகள்லாம் வந்த மொத நாளே அண்ணேன்னு ஒட்டிக்குவாங்க, இது மட்டும் சார்தான். அன்னைக்குத்தான் மொதத் தடவையா அண்ணேன்னு சொல்லுச்சு. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. நம்மளையும் ஒரு கூடப்பொறந்தவனா நெனச்சிருச்சேன்னு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட இதைச் சொன்னேன். சோறு போட்டுக்கிட்டு இருந்துச்சு. கரண்டிய அப்படியே வச்சிருச்சு.

"நான்தான்டா குடுத்தேன் உன் ஜாதகத்த"ன்னுச்சு.

"எதுக்கும்மா?"

"அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு, குடுத்தேன். கேட்டுச்சுடா! வீடு தேடி வந்து, எங்கிட்ட, ஒரு வயசுப் பொண்ணு வாய் விட்டுக் கேட்டுச்சு. 'அவுகளா ஏத்த மாட்டாக, நான் ஏத்துறேன், கம்ப்யூட்டரே சொன்னா அவுக ஒத்துக்குவாக'ன்னு சொல்லுச்சுடா. அதையா நீ அழிச்சுட்டு வந்த? நாலு ஆம்பளைக முன்னாடியா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா"ன்னேன்.

"நீ கல்லாடா? உன்னையப் பெத்த வயித்துல..." அம்மா முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிச்சு. அப்புறம், "இன்னும் எட்டு நாள் இருக்குடா கார்த்திகை முடிய. நாளைக்கே போயி அவங்கப்பாகிட்டக் கேளு. நானும் வாரேன்"னு கெஞ்சுச்சு.

பாக்கலாம்மான்னு சொன்னேன்.

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பதிவ மாத்த ஒரு வழிமுறை இருக்கு, விண்ணப்பம் இருக்கு, பொறுப்பாளர் கையெழுத்து இருக்கு. பொறுப்பாளரும் நான்தான். எனக்கு நானே எப்படிக் கையெழுத்துப் போட்டுக்கறது?

அந்த எட்டு நாளு என்ன பண்ணுனீங்கன்னு கேக்குறீங்களா? டீலர்கிட்ட இருந்து ஒரு பேட்ச் வந்துச்சு. இருக்கற தப்பைச் சரி பண்ணக் கம்பெனியே அனுப்பறது. அதப் போட்டேன். அதுல அஞ்சு நாள் ஓடிருச்சு. அப்புறம் ரெண்டு நாள் நல்ல மழை. கடைசி நாளு சைக்கிள எடுத்துக்கிட்டு அவங்க தெரு வரைக்கும் போனேன். முனையில நின்னு ஒரு டீ குடிச்சேன். வீட்டு வாசல்ல ஒட்டன்சத்திரத்து ஆளுக வேன் நின்னுச்சு. தாம்பாளம் எறக்கிக்கிட்டு இருந்தாங்க. டீக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வருத்தமா இருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, தெரியல தம்பி. ஒண்ணும் தோணல. ஒரே பக்கமா ரொம்ப நேரம் படுத்திருந்தா கை மரத்துப் போகும்ல, கிள்ளுனாலும் தெரியாது. அப்படி. அது இன்னும் அப்படியேதான் இருக்கு.

தையில கல்யாணம். சங்கத்து சார்புல நான்தான் போனேன். செவத்துக் கடிகாரம் ஒண்ணு குடுத்தேன். பொண்ணு நிமிந்தே பாக்கல. அப்புறம் வேலைக்கு வரல. நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் சொன்னாரு, நல்லா இல்லைன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் போயி விசாரிக்கல. அம்மா மூணு வருஷம் இருந்துச்சு. எங்கிட்ட அதிகமாப் பேசாமத்தான் போயிச் சேந்துச்சு.

ஆனா டேட்டாபேஸ் பிரமாதமா ஓடுச்சுங்க. அதைச் சொல்லியே ஆகணும். லினக்ஸுல கம்பெனி டேட்டாபேஸ் ஓட்டுன சங்கம் அப்ப எங்களுதுதான்னு பெருமையாச் சொல்வோம். ஒரு நாள் கூட நின்னதில்ல. மூணு தடவ மெஷின் மாத்துனோம், ஏழு தடவ வெர்ஷன் மாத்துனோம். ஒவ்வொரு தடவை மாத்துனதும் சரியா ஓடுதான்னு பாக்க ஒரு டெஸ்ட் வேணும்ல? அந்த வருஷத்து ஜாதகத்தையெல்லாம் அப்படியே ஒரு காப்பி எடுத்துத் தனியா வச்சிருந்தேன். அதுல அந்தப் பொண்ணு ஜாதகத்தப் போட்டுத் தட்டுவேன். சைபர் வரணும். வந்தா சிஸ்டம் சரி. பதினெட்டு வருஷமும் சைபர்தான் வந்துச்சு. ஒரு தடவ கூடத் தப்பல.

ரெண்டாயிரத்துப் பதினெட்டு மே மாசம் ரிட்டயர் ஆனேன். மாலை போட்டாங்க, பொன்னாடை போத்துனாங்க, போட்டோ எடுத்தாங்க. எல்லாரும் மாடிக்குச் சாப்பிடப் போயிட்டாங்க. கடைசியா ஒரு தடவ சரி பாத்துட்டுப் போவோம்னு மெஷின் முன்னாடி ஒக்காந்தேன். என்ன நெனச்சேன்னு தெரியல. அந்த டெஸ்ட் காப்பி பக்கம் போயி என் ஜாதகத்த நானே ஏத்துனேன். பேரு, சதயம், கும்பம், செவ்வாய் உண்டு. வயசு முப்பத்தொம்பதுன்னே போட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணு ஜாதகத்தத் தட்டுனேன்.

ஒண்ணு வந்துச்சு. பத்துக்கு எட்டு.

பாத்துக்கிட்டே இருந்தேன். அழிக்கணும்னு தெரியும். கை வரல. மேல எலை போட்டாச்சுன்னு கூப்பிட்டாங்க. அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போயி, எல்லாரோடயும் ஒக்காந்து சாப்பிட்டுட்டு, வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் காலையில எனக்குப் பதிலா வந்த புதுப் பொறுப்பாளரம்மா போன் பண்ணுச்சு. ரொம்பப் பொறுப்பான பொம்பளை, வந்த ஒடனே எண்ணிப் பாத்திருக்கு. "சார், டெஸ்ட்ல பதினோராயிரத்து இருநூத்தி நாப்பத்தி ரெண்டுதானே இருக்கணும்? ஒண்ணு கூடுதலா வருது. தப்பான பதிவுன்னு நெனைக்கிறேன். எடுத்துடவா சார்?"ன்னு கேட்டுச்சு.

லைன்ல இருக்கீங்களா சார், லைன்ல இருக்கீங்களான்னு அந்தம்மா ரெண்டு தடவ கேட்டுச்சு.

எடுத்துரும்மான்னு சொல்லிட்டேன்.